கணினியில் ட்ரோஜன்: அழித்தாலும் ஏன் திரும்பி வருகிறது, முழுதாக நீக்குவது எப்படி

நல்ல நிரல்போல வேடமிட்டு உள்ளே வரும் கெடுநிரல்தான் ட்ரோஜன். ஆன்டிவைரஸ் அதைப் பிடித்து அழித்துவிட்டதாகச் சொல்கிறது. மறுநாள் கணினியைத் திறந்தால் அதே பெயரில் அதே எச்சரிக்கை. பெரும்பாலும் நடப்பது இதுதான்: அழிந்தது கோப்பு மட்டும். கணினி தொடங்கும்போதெல்லாம் அந்தக் கோப்பை இயக்கு, இல்லையென்றால் மறுபடி தரவிறக்கு என்று சொல்லும் பதிவு ஒன்று உள்ளே எங்கோ அப்படியே இருக்கிறது. அதைத் தேடி எடுக்காமல் எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் பலன் இருக்காது. ட்ரோஜன் போன பிறகும் அது திருடிச் சென்ற பாஸ்வேர்டுகள் வெளியே இருக்கும் என்பதையும் பலர் யோசிப்பதில்லை. கணினியைச் சுத்தம் செய்வதைவிட அதுதான் அவசரமான வேலை.

கீழே இருப்பதெல்லாம் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். உங்கள் கணினியில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் ட்ரோஜன் உள்ளே நுழையும் விதத்தை முதலில் படித்துவிட்டால் மற்றது எளிதாகப் புரியும்.

உள்ளே வந்தது எப்படி?

வைரஸ் மற்ற கோப்புகளில் ஒட்டிக்கொண்டு பரவும். வோர்ம் நெட்வொர்க் வழியாகத் தானே தாவும். ட்ரோஜனுக்கு அந்தத் திறமை கிடையாது. அதை யாராவது ஒருவர் திறந்து இயக்க வேண்டும், அல்லது ஏற்கெனவே உள்ளே இருக்கும் இன்னொரு நிரல் கொண்டுவந்து போட வேண்டும். அதனால் பிரச்சினை தொடங்கிய நாளுக்குச் சற்று முன்பு என்ன நிறுவினீர்கள், எந்த இணைப்பைத் திறந்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் தேதி வாரியாக அடுக்கினால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

வழிகள் சில திரும்பத் திரும்ப வருபவை. கிராக் செய்த மென்பொருள், விண்டோஸையும் ஆபிஸையும் இலவசமாக ஆக்டிவேட் செய்து தருவதாகச் சொல்லும் கருவி, விளையாட்டுகளுக்கான சீட் நிரல் ஆகியவை முதல் வரிசை. “நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்” என்ற குறிப்பு கூடவே இருந்தால் அந்தக் கோப்பைத் தொடாதீர்கள். பாஸ்வேர்டு போட்ட ஜிப் கோப்பாக அனுப்புவதும் ஒரு தந்திரம்: பாஸ்வேர்டு இருந்தால் மின்னஞ்சல் சேவையின் ஸ்கேனர் உள்ளே எட்டிப்பார்க்க முடியாது.

அடுத்தது, பெயரில் ஏமாற்றுவது. விண்டோஸ் வழக்கமாகக் கோப்பின் பின்னொட்டை மறைத்தே காட்டும். ‘இன்வாய்ஸ்.பிடிஎஃப்.எக்ஸி’ என்ற கோப்பு (எக்ஸி என்றால் இயங்கும் நிரல்) உங்கள் கண்ணுக்கு ‘இன்வாய்ஸ்.பிடிஎஃப்’ என்றுதான் தெரியும். ஐகானையும் பிடிஎஃப் போலவே வைத்திருப்பார்கள். ஆபிஸ் கோப்புகளில் மேக்ரோ (கோப்புக்குள் இயங்கும் சிறு நிரல்) வைத்து அனுப்புவது நீண்ட காலம் நடந்தது. இணையத்திலிருந்து வரும் கோப்புகளில் மேக்ரோவை மைக்ரோசாஃப்ட் 2022இல் தடுத்த பிறகு ஐஎஸ்ஓ கோப்பு, ஷார்ட்கட் கோப்பு, ஒன்நோட் கோப்பு என்று மாறிக்கொண்டார்கள்.

இப்போது மிகவும் கவலை தருவது போலி கேப்ட்சா. “நீங்கள் ரோபோ அல்ல என்று நிரூபிக்க விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு பேஸ்ட் செய்து என்டர் தட்டுங்கள்” என்று ஒரு பக்கம் கேட்கும். அந்தப் பக்கமே விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லுக்கான ஒரு கட்டளையை உங்கள் கிளிப்போர்டில் வைத்திருக்கும். என்டர் தட்டியவுடன் ட்ரோஜனை இயக்கியது நீங்களே என்றாகிவிடும். எந்த உண்மையான கேப்ட்சாவும் ரன் பெட்டியைத் திறக்கச் சொல்லாது. இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

நல்ல மென்பொருளுக்குள்ளேயே வந்த சம்பவங்களும் உண்டு. 2017இல் சிகிளீனர் 5.33 பதிப்பு அதன் சொந்த டிஜிட்டல் கையொப்பத்தோடும் அதிகாரபூர்வத் தளத்திலிருந்துமே கெடுநிரலைச் சுமந்து வந்தது. ஆகவே ட்ரோஜன் வந்துவிட்டது என்பதால் யாரையும் குற்றம் சொல்லத் தொடங்க வேண்டாம்.

இயங்கத் தொடங்கிய ட்ரோஜன் பொதுவாகத் தன் நகல் ஒன்றை ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் (பயனரின் செயலிகள் தங்கள் தரவை வைக்கும் இடம்) வைக்கும். அங்கே எழுத அட்மின் அனுமதி தேவையில்லை, அதுதான் வசதி. பிறகு தன்னை மறுபடி எழுப்ப ஒரு ஸ்டார்ட்அப் பதிவு போடும், தன் சர்வரைத் தொடர்புகொள்ளும், அடுத்தடுத்த பாகங்களை இறக்கும். 2014இல் வங்கித் திருட்டு ட்ரோஜனாகத் தொடங்கிய இமோட்டெட், பின்னர் மற்ற ட்ரோஜன்களை உள்ளே இறக்கிவிடும் வேலையையே முழுநேரத் தொழிலாகச் செய்தது. பல நாட்டுக் காவல்துறைகள் சேர்ந்து 2021 ஜனவரியில் அதன் சர்வர்களைக் கைப்பற்றின. அதே ஆண்டு நவம்பரில் அது மீண்டும் தலைகாட்டியது. ஒன்று இருந்தால் கூட இன்னொன்றும் இருக்கலாம் என்று எண்ணிச் செயல்படச் சொல்வது இதனால்தான்.

எந்த அறிகுறியானாலும் முதலில்

இணையத்தைத் துண்டியுங்கள். வைஃபையை அணையுங்கள், கேபிளைக் கழற்றுங்கள். அந்தக் கணினியில் இனி எந்தக் கணக்கிலும் உள்நுழையாதீர்கள். தேவையான கருவிகளை வேறொரு நல்ல கணினியில் தரவிறக்கிப் பென் டிரைவில் கொண்டுவாருங்கள்.

அழித்த ட்ரோஜன் திரும்பத் திரும்ப வருகிறது

விண்டோஸ் செக்யூரிட்டியில் புரொடெக்‌ஷன் ஹிஸ்டரியைத் திறந்து, அந்த எச்சரிக்கையில் கோப்பின் முழுப் பாதையைப் படியுங்கள். ட்ரோஜனின் பெயரைவிடப் பாதைதான் அதிகம் சொல்லும். பிரவுசரின் கேஷ், பழைய ஜிப் கோப்பு, மின்னஞ்சல் சேமிப்புக் கோப்பு, சிஸ்டம் ரெஸ்டோர் ஃபோல்டர் ஆகியவற்றுக்குள் இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் இயங்காமல் கிடக்கும் பிரதிதான். அந்த ஜிப்பையோ மின்னஞ்சலையோ நீங்களே அழித்து, கேஷைக் காலி செய்தால் எச்சரிக்கை நின்றுவிடும். சிஸ்டம் ரெஸ்டோருக்குள் இருந்தால் எல்லாம் சுத்தமான பிறகு பழைய ரெஸ்டோர் பாயின்டுகளை நீக்கிவிடுங்கள்.

ஆப்டேட்டா, டெம்ப், புரோகிராம்டேட்டா போன்ற இடம் என்றால் விஷயம் வேறு. இங்கே ஆட்டோரன்ஸ் என்ற கருவி வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கம் காட்டுவது ஒரு சிறு பகுதிதான். ஆட்டோரன்ஸ் கிட்டத்தட்ட எல்லா இடத்தையும் காட்டும். அதை அட்மினாக இயக்குங்கள். ஆப்ஷன்ஸ் மெனுவில் மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைக்கும் தேர்வை இட்டால் பட்டியல் கையாளக்கூடிய அளவுக்குச் சுருங்கும். ஸ்கேன் ஆப்ஷன்ஸில் கையொப்பங்களைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இனி பொறுமையாகப் பார்க்க வேண்டும். லாகான் பக்கத்தில் தொடங்குங்கள். ஆப்டேட்டாவிலிருந்து இயங்கும், வெளியீட்டாளர் பெயரே இல்லாத, எழுத்துகளைக் குலுக்கிப் போட்டதுபோல் பெயர் கொண்ட பதிவுகள் சந்தேகத்துக்கு உரியவை. ஆப்டேட்டாவில் இருப்பதெல்லாம் கெட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்; பல நல்ல செயலிகளும் அங்கிருந்தே இயங்குகின்றன. அடுத்து ஷெட்யூல்டு டாஸ்க்ஸ் பக்கம். ட்ரோஜன்கள் விரும்பி ஒளியும் இடம் இது என்பதால் இங்கே மட்டும் மைக்ரோசாஃப்ட் வடிகட்டியை நீக்கிவிட்டுப் பாருங்கள். காரணம், பவர்ஷெல், டபிள்யூஸ்கிரிப்ட், எம்எஸ்ஹெச்டிஏ, ரன்டிஎல்எல்32 எல்லாமே மைக்ரோசாஃப்ட்டின் சொந்த நிரல்கள். அவற்றை ஏவி விடுவதுதான் கெடுநிரலின் வேலை. பவர்ஷெல்லுக்குப் பின்னால் அர்த்தமே இல்லாத நீண்ட எழுத்துச் சரம் தொங்கினால் அநேகமாகத் தேடியது கிடைத்துவிட்டது. சர்வீசஸ் பக்கத்தையும் டபிள்யூஎம்ஐ (விண்டோஸின் உள்நிர்வாக வசதி) பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். டபிள்யூஎம்ஐ பக்கம் வீட்டுக் கணினியில் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். அங்கே புதிதாக ஏதாவது இருந்தால் கவனியுங்கள்.

சந்தேகப்படும் பதிவை உடனே அழிக்காதீர்கள். முதலில் டிக்கை மட்டும் எடுங்கள். தவறாக இருந்தால் திரும்ப இட்டுக்கொள்ளலாம். டிக்கை எடுத்த சில நொடிகளில் அதே பதிவு புதிதாக முளைத்தால், ட்ரோஜன் இப்போதும் இயங்கிக்கொண்டு தன் பதிவைக் காவல் காக்கிறது. சில ட்ரோஜன்கள் இரண்டு புராசஸ்களாக இயங்கும். ஒன்றை நிறுத்தினால் மற்றது அதை உடனே எழுப்பிவிடும். இதற்கு, அதே சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள புராசஸ் எக்ஸ்ப்ளோரர் உதவும். இரண்டையும் முதலில் சஸ்பெண்ட் செய்யுங்கள், அப்புறம் ஒவ்வொன்றாகக் கொல்லுங்கள். உறைந்து நிற்பதால் ஒன்று மற்றதைக் காப்பாற்ற முடியாது. பிறகு பதிவை நீக்கி, கோப்பை நீக்கி, ரீஸ்டார்ட் செய்து மறுபடி ஆட்டோரன்ஸைப் பாருங்கள்.

கடைசியாக, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன், ஸ்கேன் ஆப்ஷன்ஸ் என்று போனால் இருக்கும். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே ஸ்கேன் நடக்கும். ஏறக்குறைய 15 நிமிடம் ஆகும். வழக்கமான ஸ்கேனின்போது மறைந்துகொள்ளும் கெடுநிரலுக்கு இங்கே ஒளிவது கடினம்.

ஆன்டிவைரஸ் திறக்கவே மாட்டேன் என்கிறது, அல்லது எதையும் பிடிப்பதில்லை

டிஃபெண்டரின் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலைத் திறந்து பாருங்கள். அட்மின் அனுமதி கிடைத்த ட்ரோஜன் சி டிரைவ் முழுவதையுமே “ஸ்கேன் செய்யாதே” பட்டியலில் சேர்த்துவிடுவது உண்டு. ஸ்கேன் ஓடும், ‘எதுவும் இல்லை’ என்று பச்சை டிக் வரும், நீங்களும் நம்பிவிடுவீர்கள். நீங்கள் சேர்க்காத எதுவும் அங்கே இருக்கக்கூடாது. டிஃபெண்டரின் அமைப்புகளை மற்ற நிரல்கள் மாற்றாமல் காக்கும் டேம்பர் புரொடெக்‌ஷன் அணைந்திருந்தால் மறுபடி இயக்குங்கள்.

ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் (எந்தத் தளப் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் கோப்பு) பாருங்கள். அது சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி என்ற ஃபோல்டரில் இருக்கும். நோட்பேடை அட்மினாக இயக்கித் திறங்கள். தொடக்கத்தில் ஹேஷ் குறி இல்லாமல் அந்தத் தளங்களின் பெயர்கள் தெரிந்தால் அந்த வரிகளை நீக்குங்கள்.

ஆன்டிவைரஸ் திறந்த உடனே மூடிக்கொண்டால், அத்தியாவசியமானவை மட்டும் இயங்கும் சேஃப் மோடுக்குப் போக வேண்டும். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் 4 அழுத்தினால் இணையம் இல்லாத சேஃப் மோடு. டிரைவ் பிட்லாக்கரால் (விண்டோஸின் குறியாக்க வசதி) பூட்டப்பட்டிருந்தால் ரெகவரி கீயை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சேஃப் மோடில் மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரை இயக்கலாம். தரவிறக்கிய 10 நாளில் அது காலாவதியாகிவிடும் என்பதால் பழைய பிரதியை வைத்துக்கொண்டு அலைய வேண்டாம், புதிதாக எடுங்கள்.

விசிறி ஓயாமல் சுற்றுகிறது, டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் அமைதியாகிவிடுகிறது

உங்கள் கணினியைக் கொண்டு யாரோ கிரிப்டோ நாணயம் தோண்டுகிறார்கள் என்று சந்தேகப்பட இதைவிட நல்ல காரணம் இல்லை. டாஸ்க் மேனேஜர் திறந்ததைக் கண்டவுடன் தன்னை நிறுத்திக்கொள்ளும்படி மைனர்கள் (நாணயம் தோண்டும் நிரல்கள்) எழுதப்படுகின்றன. டாஸ்க் மேனேஜருக்குப் பதிலாக ரிசோர்ஸ் மானிட்டரையோ, புராசஸ் எக்ஸ்ப்ளோரரின் கோப்புப் பெயரை மாற்றி வைத்தோ திறந்து பாருங்கள்.

விண்டோஸின் சேவைகளை இயக்கும் எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயர் பத்து இருபது இடத்தில் தெரிந்தால் பதற வேண்டாம், அது இயல்பு. உண்மையான எஸ்விசிஹோஸ்ட் சிஸ்டம்32 அல்லது சிஸ்வாவ்64 ஃபோல்டரிலிருந்துதான் இயங்கும். அதே பெயர் வேறு ஃபோல்டரிலிருந்து இயங்கினால், அல்லது ஓர் எழுத்து மாறியிருந்தால் அது போலி. நீக்கும் முறை மேலே சொன்னதேதான்.

பிரவுசர் வேறெங்கோ போகிறது

எளியதிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் நிறுவாத எக்ஸ்டென்ஷனை நீக்குங்கள். நீக்க முடியவில்லை, “உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது” என்ற வரி உங்கள் சொந்தக் கணினியின் பிரவுசரில் தெரிகிறது என்றால் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) யாரோ பாலிசி, அதாவது கட்டுப்பாட்டு விதி, எழுதி வைத்திருக்கிறார்கள். சில ஆன்டிவைரஸ்களும் அப்படி எழுதுவது உண்டு. பிரவுசரின் பாலிசி பக்கத்தைத் திறந்து எது என்று பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். பிறகு நெட்வொர்க் செட்டிங்ஸில் பிராக்ஸி, அதாவது உங்கள் இணையப் போக்குவரத்து கடந்து செல்லும் இடைச் சர்வர். நீங்கள் போடாத முகவரி அங்கே இருந்தால் அணைத்துவிடுங்கள்.

இரண்டும் சரி என்றால் டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை. டிஎன்எஸ்சேஞ்சர் என்ற ட்ரோஜன் 100க்கும் மேற்பட்ட நாடுகளில் 40 லட்சம் கணினிகளின் டிஎன்எஸ் அமைப்பைத் தன் சர்வர்களுக்கு மாற்றியிருந்தது. 2011 நவம்பரில் எஃப்பிஐ அதைப் பிடித்தது. அந்த சர்வர்களை உடனே நிறுத்தினால் பாதிக்கப்பட்டவர்களின் இணையமே நின்றுவிடும் என்பதால் 2012 ஜூலை 9 வரை மாற்று சர்வர்களை நடத்த வேண்டியிருந்தது. ட்ரோஜன் போன பிறகும் அது மாற்றிய அமைப்பு தங்கிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். உங்கள் நெட்வொர்க் அடாப்டரின் டிஎன்எஸ்ஸைத் தானியங்கிக்கு மாற்றுங்கள். ஒரே ரவுட்டரில் இருக்கும் கைபேசியும் தவறான பக்கத்துக்குப் போகிறதென்றால் மாற்றப்பட்டது ரவுட்டர். அதை ஃபேக்டரி ரீசெட் செய்து, புது அட்மின் பாஸ்வேர்டு போட்டு, ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள்.

திரையின் மூலையில் “உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்” என்று அறிவிப்பு வந்துகொண்டே இருந்தால் அது பெரும்பாலும் ட்ரோஜனே அல்ல. ஏதோ ஒரு தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். பிரவுசர் செட்டிங்ஸில் அந்த அனுமதியை நீக்கினால் தீர்ந்தது. அதில் இருக்கும் தொலைபேசி எண்ணுக்கு மட்டும் அழைக்க வேண்டாம்.

கணினியில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் கணக்குகள் பறிபோகின்றன

எல்லா அறிகுறிகளிலும் மிக மோசமானது இது. இன்ஃபோஸ்டீலர் எனப்படும் வகை ஒரே ஒரு முறை இயங்கினால் போதும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், குக்கிகள், கிரிப்டோ வாலட், டெலிகிராம் செஷன் எல்லாவற்றையும் சுருட்டி அனுப்பிவிட்டுத் தன்னையே அழித்துக்கொள்ளக்கூடும். அதனால்தான் ஸ்கேனில் எதுவும் கிடைப்பதில்லை. லும்மா என்ற ஸ்டீலர் 2025 மார்ச் 16 முதல் மே 16 வரையிலான இரண்டே மாதத்தில் 3,94,000 விண்டோஸ் கணினிகளில் இருந்ததாக மைக்ரோசாஃப்ட் கண்டறிந்தது. அதன் 2,300 டொமைன்கள் முடக்கப்பட்டன.

“இரண்டடுக்குப் பாதுகாப்பு வைத்திருந்தேனே, எப்படிப் போனது?” என்று கேட்பவர்களுக்குப் பதில் குக்கி. நீங்கள் ஓடிபி எல்லாம் போட்டு உள்நுழைந்த பிறகு அந்தத் தளம் உங்கள் பிரவுசரிடம் கொடுக்கும் அடையாளச் சீட்டு அது. சீட்டைத் திருடியவரிடம் தளம் ஓடிபி கேட்காது. பாஸ்வேர்டை மாற்றினாலும் சில தளங்களில் அந்தச் சீட்டு செல்லுபடியாகிக்கொண்டே இருக்கும்.

எனவே சுத்தமான வேறொரு கணினி அல்லது கைபேசியிலிருந்து, இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் முதன்மை மின்னஞ்சல். மற்ற எல்லாக் கணக்கின் பாஸ்வேர்டையும் மாற்றும் சாவி அதனிடம்தான் இருக்கிறது. அதில் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் தேர்வை அழுத்துங்கள். மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். ஃபார்வர்டிங் அமைப்பையும் ஃபில்டர்களையும் திறந்து பாருங்கள்: வங்கியிலிருந்து வரும் மடல்களை நேராகக் குப்பைக்கு அனுப்பும் ஃபில்டரை வைத்துவிட்டுப் போகிறார்கள். உங்கள் கணக்கோடு இணைந்த வெளிச் செயலிகளின் அனுமதிகளையும் நீக்குங்கள். அடுத்து வங்கியும் பணம் சார்ந்தவையும், பிறகு சமூக வலைதளக் கணக்குகள். கிரிப்டோ வாலட் இருந்தால் பாஸ்வேர்டு மாற்றுவது பயன் தராது. புது ரெகவரி சொற்களோடு புது வாலட் தொடங்கி நாணயங்களை அங்கே மாற்றிவிடுங்கள்.

வங்கியின் பக்கம் வழக்கத்துக்கு மாறாக அட்டை எண், பின் எண் எல்லாம் ஒரே பக்கத்தில் கேட்கிறதா? முகவரி சரியாக இருந்தாலும் நம்பாதீர்கள். 2007இல் வெளிவந்த ஜியூஸ் காலத்திலிருந்தே வங்கி ட்ரோஜன்கள் பிரவுசருக்குள் புகுந்து, உண்மையான வங்கிப் பக்கத்திலேயே கூடுதல் பெட்டிகளைச் செருகுகின்றன. உடனே மூடிவிட்டு, வங்கியைத் தொலைபேசியில் அழையுங்கள்.

கோப்புகளின் பெயர் மாறி, எதுவும் திறக்கவில்லை

ட்ரோஜன் ரான்சம்வேரை, அதாவது கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கெடுநிரலை, இறக்கிவிட்டது. இணையத்தைத் துண்டித்து, வெளி டிரைவ்களைக் கழற்றுங்கள். பூட்டப்பட்ட கோப்புகளையும் மிரட்டல் குறிப்பையும் அழிக்காதீர்கள். 2016இல் யூரோபோல், நெதர்லாந்து காவல்துறை ஆகியவை பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் சில வகைகளுக்கு இலவசத் திறவுகோல் உண்டு. அங்கே பார்க்காமல் யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம்.

எப்போது முழுதாக அழித்து நிறுவ வேண்டும்?

ட்ரோஜனுக்கு நீங்கள் அட்மின் அனுமதி கொடுத்திருந்தாலோ, யாரோ தொலைவிலிருந்து மவுஸை நகர்த்துவதைக் கண்டிருந்தாலோ, மேலே சொன்னதெல்லாம் செய்தும் திரும்பி வந்தாலோ, தயங்காமல் புதிதாக நிறுவுங்கள். ஸ்டீலர் வந்துபோன கணினிக்கும் நான் இதையே சொல்வேன். ஒரு மாலை நேரம் போகும், ஆனால் அதன்பின் வங்கிக் கணக்கைப் பயமில்லாமல் திறக்கலாம்.

விண்டோஸின் ரீசெட் வசதியில் ‘கோப்புகளை வைத்துக்கொள்’ என்ற தேர்வு இங்கே போதாது. ஒளிந்திருக்கும் கோப்பும் அதோடு தங்கிவிடலாம். நல்ல கணினி ஒன்றில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு 8 ஜிபி பென் டிரைவில் நிறுவல் வட்டு தயாரியுங்கள். ஆவணங்கள், படங்கள், காணொளிகளை மட்டும் வெளி டிரைவில் எடுங்கள். எக்ஸி, ஐஎஸ்ஓ, ஸ்கிரிப்ட், கிராக் இருக்கும் ஜிப் எதுவும் வேண்டாம். அந்த டிரைவைக் கழற்றி வைத்துவிட்டு நிறுவலைத் தொடங்குங்கள். எங்கே நிறுவ வேண்டும் என்று கேட்கும்போது விண்டோஸ் இருக்கும் டிரைவின் பார்ட்டிஷன்களை அழித்து வெற்றிடத்தில் நிறுவுங்கள்.

விண்டோஸ் எழுந்ததும் எல்லா அப்டேட்டுகளையும் போடுங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் பின்னொட்டைக் காட்டும் தேர்வை இடுங்கள். பிறகுதான் வெளி டிரைவைச் செருகி, முழுதாக ஸ்கேன் செய்து, கோப்புகளைத் திரும்ப எடுக்க வேண்டும். அன்றாட வேலைக்கு அட்மின் அல்லாத ஸ்டாண்டர்டு கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். அப்படிச் செய்தால், சிஸ்டம் முழுவதையும் மாற்ற முயலும் எந்த நிரலும் முதலில் அட்மின் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்க வேண்டிவரும்.